கடலுக்குப் போன வருஷங்கள்

உமா மக்கா,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம், வீட்டில் மட்டும் தமிழ் என்று வளர்ந்த பிள்ளை நீ. அவசரம் இல்லை. நம் தெருக்காரர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலர் அச்சாகி வரும்போது நீ மும்பையில் வேலையில் சேர்ந்திருப்பாய். ஒரு பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மெதுவாக எடுத்துப் படி. மகளுக்கு எழுதுவதை எதற்கு ஊர் பார்க்க அச்சடிக்க வேண்டும் என்று உன் அம்மா கேட்டாள். காரணம் இருக்கிறது. நான் செய்த தப்பில் பாதி இந்தத் தெருவுக்காகச் செய்தது. அதை ஒத்துக்கொள்வதும் இந்தத் தெரு கேட்கும்படியாகவே இருக்கட்டும்.

சாலைக் கடைத்தெருவில் கயிறும் வலையும் விற்கிற கடையில் முப்பத்து நாலு வருஷமாக நான் நிற்கிறேன். முதலாளி இல்லை, சேல்ஸ்மேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து ஆரியசாலையில் குடியேறிய குடும்பத்தில் டிகிரிக்குப் போன முதல் ஆள் நீ. மூன்றாம் வருஷம் முடியும்போது, ஊர் எல்லையில், கழக்கூட்டத்தில் இருக்கிற ஒரு கம்பெனி கல்லூரிக்கே வந்து உன்னைத் தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் காதில் வாங்கவில்லை. இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கிக் கொண்டுபோய், கடைத்தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொடுத்தேன். "என்ன படிச்சா உன் பொண்ணு?" என்று கேட்டவர்களுக்கு "ஆக்சுவேரியல்" என்றேன். பாத்திரக்கடை அண்ணாச்சி, "ஆக்சிடென்டுக்கெல்லாம் தனியாப் படிப்பு வந்தாச்சா!" என்றார். இன்சூரன்ஸ் கணக்குப் படிப்பு என்று திருத்தக்கூட எனக்குப் பொறுமை இல்லை. வேலை கிடைத்துவிட்டது அல்லவா, படிப்பின் பேர் எப்படி இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

நீ சொல்ல வந்தது இதுதான். மூன்று வருஷத்தோடு டிகிரியை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். நாலாவது வருஷமும் இருந்து, ஒரு ஆராய்ச்சியைத் தனியாகச் செய்து முடித்தால் ஆனர்ஸ். உன் வகுப்பில் மூன்று பேருக்குத்தான் அந்த வருஷத்துக்கு இடம், அதில் நீ ஒருத்தி. நாலைந்து நாள் கழித்து, மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் உன் டீச்சர் எனக்குப் போன் செய்தார். "உமயுடெ அச்சனல்லே?", உமாவின் அப்பாதானே என்று மலையாளத்தில் ஆரம்பித்து, நாலாம் வருஷத்துக்கு உன் பேரை எழுதலாமா, வீட்டில் சம்மதம்தானே என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை நான். "வேண்டாம் டீச்சர், மோள் வேலைக்குப் போறா, அவளே வேண்டாம்னுட்டா" என்றேன். நீ வேண்டாம் என்று சொல்லவே இல்லை. போனை வைத்த பிறகு, எதிர்க்கடைக்காரர் ஜாங்கிரி நல்லா இருந்தது என்றார். எனக்கு அப்போது நெஞ்சு உறுத்தவில்லை. அதைத்தான் இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் நீ கல்லூரியிலிருந்து வந்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "அப்பா, நான் அந்த வேலைக்குப் போகல்ல. நாலாம் வருஷம் படிக்கப் போறேன். பேரு கொடுத்தாச்சு" என்றாய். அவ்வளவுதான். என்னிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் போன் செய்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. டீச்சர் மறந்துபோயிருப்பார் என்று நானும் நினைத்துக்கொண்டேன். பதினோரு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். தெருவில் யாராவது "பொண்ணு வேலைக்குப் போக ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டால், மழை வரும்போல இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன். பன்னிரண்டாவது நாள் உன் அம்மாதான், "புள்ள படிக்கணும்னு சொல்லுகா. நீங்க ஜாங்கிரிக்காக முறுக்கிக்கிட்டு நிக்கியோ. கேக்கவே நல்லா இல்ல" என்றாள். நீ சிரித்துவிட்டாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உன் ஆராய்ச்சிக்கான விஷயம் எங்கள் கடை வாசலில் பிறந்தது என்று நீ டிபார்ட்மென்டில் சொன்னாயாம். எனக்கு அது நினைவே இல்லை. நீ சொல்லித்தான் ஞாபகம் வந்தது. மீன்பிடிக் கரையான விழிஞ்ஞத்திலிருந்து பனியடிமை அண்ணன் கயிறு வாங்க வந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாடிக்கை. நீ எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாய். அவர் ஒரு கயிற்றுச் சுருளைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்துவிட்டு, மகனைக் கூப்பிட்டார். "மாமா, நீங்க எப்போ கடலுக்குப் போறத நிறுத்தினியோ?" என்று நீ கேட்டாய். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே, "நான் நிறுத்தல்ல மோளே. கைதான் நிறுத்திச்சு" என்றார். அந்தக் கரைக்காரர்கள் நம்மிடம் பேசும்போது பாதி தமிழாகவே பேசுவார்கள். நான் பில் போடுவதில் இருந்தேன். நீ மட்டும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாய்.

மனிதர்கள் எத்தனை வயதுவரை இருப்பார்கள் என்பதற்குப் பட்டியல் உண்டு, எல்லா இன்சூரன்ஸ் கம்பெனியும் வைத்திருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தாய். "ஆனா ஒரு மீன்பிடிக்காரன் எத்தனை வருஷம் கடலுக்குப் போவான், எதனால நிப்பான்னு நம்ம கரைக்குப் பட்டியல் இல்லப்பா. அது தெரியாம அவங்களுக்கு ஓய்வுத் திட்டம், விபத்துத் திட்டம் எல்லாம் போட்டா சும்மா குத்துமதிப்புதான்." நீ சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. இருந்தாலும் பேசும்போது உன் முகம் இருந்த விதத்தைப் பார்த்து, இனிமேல் இதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது.

முதல் தடவை நீ தனியாகத்தான் போனாய். நூறு கேள்வித் தாள் அச்சடித்து, பையில் போட்டு, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி விழிஞ்ஞத்துக்குப் போனாய். சாயங்காலம் மூன்று தாள் மட்டும் நிரம்பி வந்தது. துறைமுக வேலை தொடங்கின காலத்திலிருந்து அந்தக் கரையில் பேப்பரும் பேனாவுமாக வருகிறவர்கள் அதிகம். எழுதிக்கொண்டு போகிறவர்கள் யாரும் திரும்பி வருவதில்லை. "இவளும் ஒருத்தி" என்று உன் முகத்துக்கு நேராகவே ஒரு அம்மாள் சொன்னதாகச் சொன்னாய். வீட்டுக்கு வந்து அழவில்லை. சாப்பிட்டுவிட்டு, "அப்பா, ஞாயிற்றுக்கிழமை நீங்க கூட வாரியளா?" என்று கேட்டாய். நான் உன்னை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு வந்த நாளுக்குப் பிறகு, நீ என்னைக் கூட வரச் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் வள்ளம் இறக்க மாட்டார்கள். சர்ச்சை அங்கே பள்ளி என்பார்கள்; பள்ளியில் பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பனியடிமை அண்ணன் நம்மை வீடு வீடாகக் கூட்டிப்போனார். முதல் இரண்டு வீட்டில் நான் செய்த கூத்து உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அங்கே பாதிப் பேரைத் தெரியும் என்ற தலைக்கனம். நீ கேள்வி கேட்பாய், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பு நான் பதில் சொல்வேன். "இவரா? இவர் நிறுத்தி அஞ்சு வருஷம் ஆச்சு, எழுது மக்கா, எழுது." மூன்றாவது வீட்டு வாசலில் என்னை ஓரமாக அழைத்துப்போய், "அப்பா, எனக்கு உங்க பதில் வேண்டாம். அவங்க பதில் வேணும். நீங்க கொஞ்சம் பேசாம இருங்கோ" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. வாய் மூடினேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை மற்றவர்களுக்காக நான் பதில் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவுக்காக, என் தம்பிக்காக, அந்தப் போனில் உனக்காக. அந்த வாசலில் நின்றபோதுதான் அது என் குணம் என்றே எனக்குத் தெரிந்தது. இந்தக் கடிதத்தில் அறிவுரை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்: நாளைக்கு நீ பெரிய பதவியில் இருப்பாய், உன் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் வார்த்தை வராமல் திணறுவார்கள். நீ எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. இதை நீ எனக்குச் சொல்லித் தந்தாய். நான் உனக்கே திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் பேசாமல் இருந்ததால்தான் கேட்க முடிந்தது. உன் தாளில் "நிறுத்திய வருஷம்" என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. யாராலும் அதை நிரப்ப முடியவில்லை. முதலில் தூரக்கடலை விடுகிறார்கள். கொஞ்ச வருஷம் கரையை ஒட்டிப் போகிறார்கள். அப்புறம் கரைவலை இழுக்க மட்டும் போகிறார்கள். கடைசியில் வலை பின்ன உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் இரண்டு வருஷம் நின்றுவிட்டு, மகளுக்குக் கல்யாணம் என்றதும் மறுபடியும் தூரக்கடலுக்குப் போயிருக்கிறார்கள். பஸ்ஸில் திரும்பும்போது நீ அந்தத் தாள்களை எல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "எல்லாம் தப்பாக் கேட்டிருக்கேன்பா" என்றாய். இரண்டு வாரத்தில் புதுத் தாள் தயார் செய்தாய். வருஷம் கேட்கவில்லை, முதல் பிள்ளை பிறந்தபோது எந்த வேலைக்குப் போனீர்கள், சுனாமி வந்தபோது, புதுப் பள்ளி கட்டினபோது என்று கேட்டாய். அவர்கள் யோசித்து யோசித்துச் சரியாகச் சொன்னார்கள். ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். எங்கள் கடைக்கு வருகிற விழிஞ்ஞத்துக்காரர்கள், "மோள் வரல்லியா இந்த வாரம்?" என்று என்னைக் கேட்கிற நிலைமை வந்துவிட்டது. அதைக் கேட்கும்போது நான் நிமிர்ந்து நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பிலோமினா வீட்டுக்குப் போனோம். தலைச்சுமையாக மீன் விற்கிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய வீட்டுக்காரர் தாசன் ஓகிப் புயல் அன்றைக்குக் கடலில் இருந்தார். உடன் போன இரண்டு பேரை எங்கோ தூரத்தில் கப்பல்காரர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். தாசன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இது உனக்கும் எனக்கும் முன்கூட்டியே தெரியாது; பனியடிமை அண்ணன் என்னிடம் வாசலில் வைத்துத்தான் சொன்னார். அதற்குள் நீ உள்ளே போய் உட்கார்ந்து, தாளின் கடைசிக் கேள்வியை வாசித்துவிட்டாய்: எது நடந்தபோது கடலுக்குப் போவதை நிறுத்தினார்? பிலோமினா உன்னை நேராகப் பார்த்து, "நிறுத்திட்டாருன்னு யாரு சொன்னா?" என்றார். உன் பேனா அப்படியே நின்றது. தாசன் எத்தனை வருஷம் போனார் என்பதைப் பனியடிமை அண்ணன்தான் மெல்ல எடுத்துச் சொன்னார்: இருபத்தாறு. நீ எழுதினாய். "கடைசிக் கட்டத்தில என்ன எழுதின?" என்று பிலோமினா கேட்டார். "கடைசியா வள்ளம் இறக்கின நாள்வரை போனாருன்னு எழுதியிருக்கேன் அக்கா. அதுக்கு அப்புறம் தெரியாதுன்னு எழுதியிருக்கேன்" என்றாய். அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. "அதாக்கும் சரி" என்று சொல்லி, நமக்குப் பால் இல்லாத கட்டன்சாயா போட்டுத் தந்தார். திரும்பும்போது நீ எனக்கு விளக்கினாய். முடிவு தெரியாத ஆட்களுக்கு உங்கள் படிப்பில் ஒரு இடம் உண்டு. தெரிந்தவரை உள்ள வருஷங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிடலாம். இப்படி ஒரு கருணையுள்ள கணக்கு உலகத்தில் இருக்கிறதா என்று நினைத்தேன்.

பிப்ரவரியில், ஆராய்ச்சிப் புத்தகத்தை முடிப்பதற்கு முன்னால், நீ செய்ததை எல்லோர் முன்பும் வைத்துப் பேச வேண்டும் என்றார்கள். பெற்றோரும் வரலாம் என்றதால் நானும் இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். வயதானவர், இன்சூரன்ஸ் கணக்குத் தொழிலிலேயே பல வருஷம் இருந்தவராம். நீ பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், அவர் தட்டவில்லை. புயலில் போனவர்களை ஏன் "தெரியாது" என்று வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நீ சொன்னாய். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் புரியும்படி மலையாளத்திலும் சொன்னார். தெரியாது என்கிற இடம் ஊரைவிட்டுப் போனவர்களுக்கு, கல்ஃபுக்குப் போனவர்களுக்கு. கடலிலேயே காணாமல் போனவர்களை அங்கே வைத்தால், உன் பட்டியலில் கடல் நிஜத்தைவிடச் சாதுவாகத் தெரியும். நாளைக்கு அதைப் பார்த்து ஒருவன் இவர்களுக்குத் திட்டம் போட்டால், ஆபத்துக் குறைவு என்று நினைத்துப் போடுவான். என் காது சூடாகிவிட்டது. எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. நீ திரும்பி, திரையில் இருந்த உன் பட்டியலைப் பார்த்தாய். பிறகு, "சரியாணு சார். தெற்று என்றெயாணு" என்றாய். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. நீ அத்தனை பேர் முன்னால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாய்.

வெளியே டீ கொடுத்தார்கள். உன் டீச்சர் என்னிடம் வந்து, பயப்பட வேண்டாம், மூன்று வாரம் இருக்கிறது, திருத்திவிடுவாள் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அன்னு போனில் சாருக்கு ஒரு தெற்றித்தாரணை பற்றியல்லே" என்றார். போனில் நான் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். நாலாம் வருஷப் பட்டியலில் பேர் இல்லை என்று பார்த்துவிட்டு நீ அவரிடம் போனாயாம். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே என்று அவர் சொன்னதும், நீ கொஞ்சம்கூடத் தயங்காமல், "கடையில ஒரே சத்தம் டீச்சர், அப்பாவுக்கு வேற ஏதோ கேட்டிருக்கும்" என்று சொல்லிப் பேரை எழுத வைத்தாயாம். டீக் கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அப்படியென்றால், நான் உன்னோடு பேசாமல் இருந்த பதினோரு நாளும் உனக்குத் தெரியும். என்னைக் கூட வரச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் தெரியும். ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. அன்றைக்கே உன்னிடம் பேசியிருக்க வேண்டும், முடியவில்லை. இப்போது கேட்கிறேன் மக்கா, என்னை மன்னித்துவிடு. கடைத்தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தவன், மன்னிப்பை மட்டும் ரகசியமாகக் கேட்பது முறையில்லை.

அதற்குப் பிறகும் நான் திருந்திவிடவில்லை. அந்த வாரம் நீ புயலில் போனவர்களை எல்லாம் இறந்தவர்கள் என்று மாற்றிக் கணக்கைப் போட்டாய். பட்டியலில் கடல் முன்பைவிட மோசமாகத் தெரிந்தது. வேலை முடிந்தும் உன் முகம் தெளியவில்லை. "பிலோமினா அக்காட்ட போய்ச் சொல்லணும்பா" என்றாய். "எதுக்கு மக்கா? அவ எங்க உன் புஸ்தகத்தப் படிக்கப் போறா? புண்ணக் கிளறாத, விடு" என்றேன். நல்லது சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன். நீ சொன்னாய்: "அவங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டு வந்து, பின்னால வேற எழுதியிருக்கேன். அவங்க படிக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சு எழுதினா அது இன்னும் மோசம் இல்லியாப்பா?" எழுதிக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்கிற கரை அது. நீ திரும்பிப் போனாய்.

நான் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். நீ அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாய். "அக்கா, அன்னிக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கேன்னு சொன்னேன். அத மாத்திட்டேன். கடல்ல இறந்தவங்க கூட்டத்தில சேத்திருக்கேன். அப்படிச் சேக்கல்லேன்னா, இப்போ கடலுக்குப் போறவங்களுக்கு என்ன ஆபத்துன்னு கணக்கு பொய் சொல்லும். அதனால மாத்தினேன். உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல்ல." பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "அப்போ எல்லாரையும்போல அவரு இல்லேன்னு நீயும் எழுதியாச்சு" என்றார் பிலோமினா. "ஆமா அக்கா" என்றாய். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். முடிந்தது, நம்மைப் போகச் சொல்கிறார் என்று நினைத்து நான் எழுந்து செருப்பை மாட்டினேன். நீ எழவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். உன் பக்கத்தில் உட்கார்ந்து, தாளை எட்டிப் பார்த்து, "எத்தனை வருஷம்னு போட்டிருக்க?" என்று கேட்டார்.

"இருபத்தாறு."

"தெற்று. இருபத்தேழு." விரலால் அந்த இடத்தைத் தொட்டார். "பள்ளிக்கூடத்தில பேரு இருந்தப்பவே ஒரு வருஷம் அவரு அப்பா கூட வள்ளத்தில போயிருக்காரு. வாந்தி எடுத்துக்கிட்டே போவாராம், என்கிட்ட சொல்லிச் சிரிப்பாரு. அத ஒருத்தரும் கணக்கில சேக்கமாட்டாங்க. பனியடிமைச்சேட்டனுக்கும் தெரியாது. நீ சேத்துக்கோ."

நீ இருபத்தாறை அடித்துவிட்டு இருபத்தேழு என்று எழுதினாய். எழுதியதை அவரிடம் காட்டினாய். அவர் பார்த்துத் தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு வருஷத்துக்காக எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து மறுபடியும் போட்டாய். இரண்டு நாள் ஆயிற்று. போனில் உன் டீச்சர், ஒருத்தருக்கு ஒரு வருஷம் கூடினால் முடிவில் ஒன்றும் மாறாது, அப்படியே கொடுத்துவிடு என்று சொன்னது எனக்கும் கேட்டது. "அறியாம் டீச்சர்", எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, நீ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாய். அந்தப் புத்தகத்துக்கு அவர்கள் தந்த உயர்ந்த மதிப்பெண்ணைப் பற்றி, இப்போது மும்பையில் உனக்குக் கிடைத்திருக்கிற வேலையைப் பற்றி, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் உன் அம்மாவே சொல்லிவிட்டாள். நான் சொல்ல நினைப்பது வேறு. அந்த இரண்டாவது நாள் காலையில், நான் கடைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றேன். நீ ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, தலை சீவாமல், ஆறிப்போன தோசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காத அந்த ஒரு வருஷத்தை எல்லா இடத்திலும் சேர்த்துக்கொண்டிருந்தாய். நான் நின்றது உனக்குத் தெரியாது. கடைக்கு நேரமாகிவிட்டது. முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக முதலாளி என்னை ஏன் தாமதம் என்று கேட்டார். மகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் என்றேன்.

போய் வா மக்கா. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா